வாட்டம் தொட்டி வரைக்கும்தான்

கோத்தகிரிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடு. பின்பக்கம் ஆளுயரத் தடுப்புச்சுவர். மழை விட்டு நான்கு நாளாகியும் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகளில் இரண்டு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தன. கீழே கல்லில் கறுத்த வழவழப்பு, குனிந்தால் அழுகல் வாடை. சுவருக்கு மேலே இருபதடி தள்ளி அடுத்த வீட்டுக்காரரின் உறிஞ்சு குழி, அதாவது கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் குழி. "ஊத்துத் தண்ணி சார்" என்றார் இவர். ஊற்றுத் தண்ணீர் இப்படிச் சோப்பு நுரையோடு ஒழுகாது.

சமவெளியில் செப்டிக் டேங்க் கட்டுகிறவருக்குக் குழாய்க்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, கிடைப்பதே பெரும்பாடு. மலையில் அது கேட்காமலே கிடைக்கிறது. சில சமயம் தேவைக்கு மேலேயே. தொட்டிக்குள் நடப்பதோ பொறுமையான வேலை. கனமானவை அடியில் சகதியாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கும், நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470 சொல்லும் அளவு, 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம். இவ்வளவு சிறிய தொட்டிக்குள் செங்குத்துக் குழாயில் வேகமாக வந்து விழும் தண்ணீர், படிந்த சகதியைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். பிரிட்டனின் கட்டட விதிகள் இதற்குத் தரும் வழிகளில் ஒன்று, தொட்டிக்கு முந்தைய 12 மீட்டர் குழாயை 50-க்கு 1 வாட்டத்துக்கு (50 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) மேல் போகாமல் பதிப்பது. மீதி உயரத்தை அதற்கு மேலேயே ஒரு சேம்பர் கட்டி, அதற்குள் நேராக இறக்கிவிட வேண்டியதுதான்.

தொட்டியையும் வெட்டிய பக்கத்துக் கெட்டி மண்ணில்தான் உட்கார வைக்க வேண்டும். பாதி வெட்டிய மண், பாதி கொட்டிய மண் என்று வைத்தால் கொட்டிய பக்கம் அமுங்கித் தொட்டி விரிசல் விடும்.

ஆனால் தொட்டி செய்வது பாதி வேலைகூட இல்லை. வெளியே வரும் நீரில் கிருமிகள் இன்னும் ஏராளமாக இருக்கும். அவற்றைப் பிடித்து வைத்துச் சாகடிப்பது மண். அதற்கு மண்ணில் காற்று இருக்க வேண்டும். ஊறிச் சொதசொதத்த மண்ணால் அது முடியாது. நீலகிரியில் மக்கிய செம்மண்ணுக்கு அடியில் சார்னோகைட் பாறை. இறங்கும் தண்ணீர் இறுகிய அடுக்கில் முட்டியதும் பக்கவாட்டில் திரும்பி, சரிவோடு நடக்கத் தொடங்கும். சாலைக்கோ மனைக்கோ சரிவை வெட்டியிருக்கும் முகப்பில் எட்டிப் பார்க்கும். அதனால் மலையில் குழிக்குக் கீழே எவ்வளவு மண் என்று பார்த்தால் மட்டும் போதாது, குழிக்கு முன்னால் எவ்வளவு மண் என்றும் பார்க்க வேண்டும்.

உறை இறக்கிய ஒற்றைக் குழி வீட்டுத் தண்ணீர் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டை ஒட்டி, ஜல்லி நிரப்பிய நீண்ட ஆழமில்லாத வாய்க்கால்கள் வெட்டினால் அதே தண்ணீர் பரவலாக ஊறும். கோட்டைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் டியூப் மட்டமே போதும். தண்ணீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளை இருவர் பிடித்து, மட்டம் ஒத்துப்போகும் இடத்தில் முளை அடித்துக்கொண்டே போகலாம். கோடு நேராக வராது, மலை வளைகிற இடத்தில் அதுவும் வளையும். வாய்க்காலின் அடி மட்டம் பிசகினால் தண்ணீர் எல்லாம் தாழ்ந்த மூலையிலேயே தேங்கும். மேல் வாய்க்கால் நிறைந்தால் வழிவது துளையில்லாக் குழாய் வழியே அடுத்ததற்கு இறங்கும்.

இதற்கெல்லாம் முன் மண் தண்ணீர் குடிக்குமா என்று சோதிக்க வேண்டும். சோதனைக்கென ஒரு சிறு குழி தோண்டி, முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் 25 மில்லிமீட்டர் இறங்க ஆகும் நேரத்தை அளப்பார்கள். 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண் இதற்கு உதவாது. வெயில் காலத்தில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்திப்படுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் திருப்பிவிட, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வடிகால் கட்டாயம்.

2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவற்றைத் தூண்டியது பெருமழை. மண் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறும்போது ஒன்றையொன்று பிடித்திருக்கும் உராய்வு தளர்கிறது. வருடம் முழுக்க வீட்டுத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் சரிவில் அடுத்த மழைக்குத் தாங்கும் இடம் குறைவு. தடுப்புச்சுவருக்குத் தலைமேல் உறிஞ்சு குழி வைப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது என்பேன்.

கடைசியாக, வரைபடம் போடும்போது பலரும் மறப்பது லாரியை. சகதியை உறிஞ்சும் லாரி சாலையில்தான் நிற்கும். மலையில் வீடு சாலைக்குக் கீழே இருப்பது சகஜம். வெற்றிடத்தால் தண்ணீர்ப் பத்தியை உறிஞ்சி ஏற்றுவது உண்மையில் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அதன் உச்சவரம்பு சுமார் 10 மீட்டர். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, ஆகவே வரம்பு 8 மீட்டருக்குள். கெட்டிச் சகதி, முழுமையில்லாத பம்ப் என்று கழித்தால் இன்னும் குறையும். எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி மனையைப் பார்க்க வந்ததும் கடப்பாரையைத் தொடமாட்டார். சாலையோரம் நின்று டியூப் மட்டத்தைப் பிரித்து, "லாரி எங்க நிக்கும்னு மொதல்ல காட்டுங்க சார்" என்பார்.