காற்றைச் சோதிக்காமல் குழிக்குள் இறங்காதீர்கள்

குழிக்குள் அண்ணன் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் விழுந்தார். இருவரையும் ஒன்றாகவே கொண்டுவந்தார்கள். கொழும்பில் அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் பணியாற்றும் எனக்கு இது புதிய கதையன்று என்பதே வேதனை. மலசலகூடக் குழி, கிணறு, இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழி என இடம் மாறுகிறதே ஒழிய, இரண்டாமவர் இறக்கும் விதம் மாறுவதில்லை. மூடிய இடங்களில் இறந்தோரில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவகம் 1986ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது.

சுரங்கத்தில் அகப்பட்டவர்கள் என்றதும் பசியும் இருளுமே நம் நினைவுக்கு வருகின்றன. 2010இல் சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் சிக்கிய 33 பேர், சில நாட்களுக்கே போதுமான உணவைப் பங்கிட்டு, வெளியுலகத் தொடர்பு கிடைக்கும்வரை 17 நாட்கள் தாக்குப்பிடித்து, 69ஆம் நாளில் மேலே வந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் மூச்சுவிடத் தக்க காற்று இருந்தது. 2006இல் அமெரிக்காவின் சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்புக்குப் பின் மறைப்புக் கட்டி ஒதுங்கிய 12 பேரை மீட்புப் பணியாளர்கள் சென்றடைய ஏறத்தாழ 41 மணித்தியாலங்கள் பிடித்தன. அதற்குள் 11 பேரைக் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு கொன்றுவிட்டது.

என்னை மிகவும் சினங்கொள்ளச் செய்வது, “மெழுகுதிரியை இறக்கிப் பார்த்தோம், எரிந்தது, அதனால் இறங்கினோம்” என்ற பதில். சுடர் ஒட்சிசனைப் பற்றி மட்டுமே, அதுவும் அரைகுறையாகவே சொல்லும். வெளிக்காற்றில் ஏறத்தாழ 21 சதவீதமாக உள்ள ஒட்சிசன் 16 சதவீதமளவுக்கு இறங்கும்போதுதான் சுடர் அணையும். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் சுடர் அமைதியாக எரிந்துகொண்டிருக்கும்; ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு இருந்தாலும் அப்படியே. மெதேன் தேங்கிய குழியிலோ, சோதிக்க இறக்கிய சுடரே வெடிப்பை உண்டாக்கும். மூக்கையும் நம்பாதீர்கள்: காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு, செறிவு கூடும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். எனவே நாற்றம் நின்றுவிட்டதென்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமன்று. முகத்தில் கட்டும் ஈரத்துணி தூசியைத் தடுக்கலாம், வாயுவைத் தடுக்காது. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குபவரும், மயங்கிய ஒருவரின் பாரத்தைத் தூக்கும் கணத்தில் மூச்சை இழுத்தே தீருவார்.

இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: இத்தகைய நோயாளியின் விரலில் மாட்டும் ஒட்சிசன்மானி 98 என்று காட்டினாலும் அமைதி அடையாதீர்கள். காபனோரொட்சைட்டோடு பிணைந்த குருதி ஈமோகுளோபினையும் அந்தக் கருவி ஒட்சிசன் ஏறியதாகவே வாசிக்கும்.

பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை ஒருபோதும் குழிக்குள் இறக்காதீர்கள். மேலே வைத்தாலும் அதன் புகை குழிவாய்ப் பக்கம் திரும்பக்கூடாது. வாயுமானியால் சோதித்து, காற்றூதியால் வெளிக்காற்றைச் செலுத்திய பின்னரே, இடுப்பிலும் தோளிலும் வார் பூட்டி, கயிற்றின் மறுநுனி மேலே நிற்பவர்களின் கையில் இருக்க இறங்குங்கள். வாயுமானிக்குப் பணமில்லை என்று சொல்லும் முதலாளிக்கு ஆளை இறக்கும் உரிமையும் இல்லை.

ஒருவர் விழுந்துவிட்டால் கயிற்றை இழுங்கள். கயிறு இல்லையென்றால் தீயணைப்புப் பிரிவின் 110ஐயும் நோயாளர் காவு வண்டிக்கான 1990ஐயும் உடனே அழைத்து, காற்றூதியால் வெளிக்காற்றைச் செலுத்திக்கொண்டே இருங்கள். ஒட்சிசன் உருளையைத் திறந்து உள்ளே விடாதீர்கள். அது தீயை வளர்க்கும். கதறிக்கொண்டு இறங்கத் துடிக்கும் தம்பியையோ மகனையோ நாலு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்துங்கள். அவர் ஏசினாலும் அடித்தாலும் கையை விடாதீர்கள், தயவுசெய்து. வண்டி வந்ததும், அது என்ன குழி, இயந்திரம் ஓடியதா, எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தார் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த வாயுவுக்கு எதிராக வைத்தியத்தைத் தொடங்குவது என்பதை நாங்கள் அதை வைத்தே தீர்மானிக்கிறோம்.