நெகிழ மறுக்கும் குணம்

திருகோணமலையில் என்னிடம் வரும் குடும்பத்தினர் அடிக்கடி கேட்பது இது: "அவருடைய குணமே இப்படித்தான் டொக்டர், இதுக்கு மருந்து இருக்கா?" குணம் எங்கே முடிகிறது, ஆளுமைக் கோளாறு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருப்பதால், நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை.

கணக்குப் பிரிவொன்றில் பணிபுரியும் இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவர் பதிவேட்டை மூன்று முறை சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுவார். ஆயினும் பிள்ளைகள் கடற்கரையிலிருந்து காலெல்லாம் மணலோடு வீட்டுக்குள் ஓடிவந்தால் பொறுத்துக்கொள்வார். மற்றவரும் அதே ஒழுங்குடையவர்; ஆனால் பிறர் முடித்த வேலையையும் திரும்பச் செய்வதால் கோப்புகள் தேங்குகின்றன, மனைவி துணி மடித்த விதத்துக்காக இரவு முழுவதும் சண்டை நடக்கிறது, பிள்ளைகள் அவரிருக்கும் அறைக்குள் நுழையவே அஞ்சுகின்றனர். குணம் ஒன்றே. முதலாமவரால் இடமறிந்து அதைத் தளர்த்த முடிகிறது. இரண்டாமவரால், நேரும் இழப்பைக் கண்ட பின்னும், முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 இல் நடைமுறைக்கு வந்த 11 ஆவது பதிப்பும் இவ்வாறே அணுகுகிறது. பழைய வகைப் பெயர்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, கோளாறு இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்பதையே அது முதலில் கேட்கிறது. தன்னைப் பற்றிய உணர்விலும் பிறருடனான உறவிலும் உள்ள சிக்கல் ஏறத்தாழ 2 ஆண்டுகளாவது, பல சூழல்களிலும் நீடித்திருக்க வேண்டும். கோளாறு என்ற அளவை எட்டாத 'ஆளுமைச் சிரமம்' என்றோர் இடைநிலையையும் அது ஏற்பது எனக்கு மிகவும் பயன்படுகிறது. நோயாளி என்ற பெயரைச் சூட்டாமலே ஒருவருக்கு உதவ அது வழிவிடுகிறது.

இந்த மாவட்டத்தில் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். போரிலோ 2004 சுனாமியிலோ உறவுகளை இழந்த ஒருவர் எவரையும் நம்பாமல் ஒதுங்கி, சிறு சத்தத்துக்கும் சினந்தெழுவாராயின், அது எப்போது தொடங்கியது என்பதே முக்கியம். "அதற்கு முதல் எல்லாருடனும் கலகலப்பாய்ப் பழகுவான்" என்று தாய் சொன்னால், நான் மனவடுவையே முதலில் தேடுவேன். மனச்சோர்வு, மதுப் பழக்கம், தலையில் பட்ட காயம் ஆகியவையும் குணத்தை மாற்றக்கூடியவை.

கணவன் மனைவி சண்டையில் இணையத்தில் படித்த கோளாறின் பெயரை ஒருவர்மீது ஒருவர் எறிவது இப்போது பெருகிவருகிறது. உண்மையில் உதவி தேவைப்படுபவரும் அதன்பின் கிளினிக் பக்கமே வர மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மருந்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். குணத்தையே மாற்றும் மாத்திரை இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் மருந்து உதவும். தொடர்ச்சியான உளச்சிகிச்சையில் பலர் தெளிவாக முன்னேறுகின்றனர், ஆயினும் அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முதல்முறை வரும்போது, அவரைச் சிறு வயதிலிருந்தே அறிந்த ஒருவரையும் அவருடைய சம்மதத்தோடு அழைத்து வாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருக்குமாயின், கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 க்கும் அழைக்கலாம்.