எஃபெக்ட்ஸ் லூப்பை மாற்றும் முன் ஒரு பேட்ச் கேபிள்

கிட்டார் ஆம்பில், தொனியை அமைக்கும் ப்ரீஆம்புக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவே டிலே (எதிரொலி) போன்ற பெடல்களைச் செருகும் வழிதான் எஃபெக்ட்ஸ் லூப்: சென்ட் ஜாக்கில் சிக்னல் வெளியே போகும், ரிட்டர்ன் ஜாக்கில் திரும்பி வரும். "லூப்புல டிலே போட்டா கரகரங்குது, மாத்திக் கொடுங்க" என்று வரும் ஆம்புகளில் பலவற்றுக்குச் சால்டரிங் அயர்னே தேவைப்படாது.

முதலில் ரிட்டர்ன் ஜாக். லூப்பில் எதுவும் செருகாதபோது, ப்ரீஆம்பையும் பவர் ஆம்பையும் இணைப்பது அந்த ஜாக்குக்குள் இருக்கும் சின்னத் தகடுதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்காற்றில் அது சீக்கிரம் கறுத்துவிடும். சத்தம் திடீரென இறங்கும். ஆம்பை ஒரு தட்டு தட்டினால் திரும்பும். லூப்பையே தொடாதவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு பேட்ச் கேபிள் (இரு முனையிலும் பிளக் உள்ள குட்டைக் கேபிள்) போடுங்கள். சத்தம் சீரானால் கோளாறு தகட்டில்தான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்திருபது முறை செருகி எடுங்கள். தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிசுக்கு தங்கித் தூசியைப் பிடிக்கும்.

டிலே மட்டும் கரகரத்தால் அது லெவல் (சிக்னலின் வலு) பிரச்சினை. பல லூப்புகள் லைன் லெவலில், சுமார் 1.2 வோல்ட் அனுப்பும். கிட்டார் லெவலுக்குச் செய்த 9 வோல்ட் பெடல் அதைத் தாங்காது. ஆம்பைத் திறக்காமலே ஒரு வழி: சின்ன அலுமினியப் பெட்டி, இரண்டு மோனோ ஜாக், ஒரு 50 கிலோ ஓம் லாக் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மூன்று கால் ரெசிஸ்டர்). உள்ளே வரும் சிக்னல் பாட்டின் ஒரு முனைக்கு, மறு முனை கிரவுண்டுக்கு, நடுக்கால் வெளியே போகும் ஜாக்குக்கு. முதல் பெடலுக்கு முன் வைத்தால் கரகரப்பு போகும். கடைசிப் பெடலுக்குப் பின் வைத்தால் அதே பெட்டி மாஸ்டர் வால்யூம்.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வெறுமனே "50கே பாட்" என்று கேட்டால் பெரும்பாலும் லீனியர்தான் கைக்கு வரும். பாட்டின் மேல் உள்ள எழுத்து பி என்றால் லீனியர் (திருப்பும் அளவுக்குச் சீராக மாறுவது), ஏ என்றால் லாக் (முதலில் மெதுவாக, பிறகு வேகமாக மாறுவது). எழுத்தை மட்டும் நம்பாமல், நடுக்காலுக்கும் கிரவுண்டுக்குப் போகும் காலுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். பாதித் திருப்பத்தில் 25 கிலோ ஓம் காட்டினால் லீனியர். 5 முதல் 10க்குள் காட்டினால் லாக்.

பாட்டை ஆம்புக்குள்ளேயே பொருத்த வேண்டுமென்றால், சென்ட்டின் கப்ளிங் கெபாசிட்டருக்கு (டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடுவது) பின்னால் வர வேண்டும். முன்னால் போட்டால் வால்வின் டிசி பாட்டில் ஏறும். மதிப்பையும் பாருங்கள்: 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டருடன் 50 கிலோ ஓம் என்றால் 32 ஹெர்ட்ஸிலிருந்துதான் பாஸ் இறங்கும், கவலையில்லை. 10 கிலோ ஓம் போட்டால் அது 159 ஹெர்ட்ஸ். கீழ் ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், சத்தம் தகரம்போல் ஆகிவிடும். 100 கிலோ ஓமுக்கு மேல் போனாலோ நீளக் கேபிளில் டிரெபிள் மங்கும்.

வால்வு ஆம்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் (பவர் சப்ளையைச் சீராக்குபவை) 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் பிடித்து, ஒவ்வொரு கெபாசிட்டரின் சார்ஜையும் பத்து விநாடி இறக்குங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது அசட்டுத் துணிச்சல்.

வேலை முடிந்த பின் ஹம் (விடாத ரீங்காரம்) வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். ஹம் போகலாம், ஆனால் உள்ளே லைன் ஒயர் சேஸியை (ஆம்பின் உலோகச் சட்டகம்) தொட்டால் 230 வோல்ட் கிட்டார் கம்பி வழியே கைக்கு வரும். ஒரே அடாப்டரில் எல்லாப் பெடலையும் கோத்திருந்தால், லூப் பெடல்களுக்கு மட்டும் தனி அடாப்டர் போட்டுப் பாருங்கள்.