பெரிஸ்கோப்புக்குள் ஆண்டெனாவைச் செருகாதீர்கள்

பழுதுபார்க்க வரும் ரிமோட் நீர்மூழ்கி மாதிரிகளில் இந்த ஒரு கோளாறு மட்டும் குறைவேனா என்கிறது. இப்போது மேசையில் இருப்பது 1:72 அளவில் ஒரு ஜெர்மன் ஏழாம் வகை யூ-போட், ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளம். இரவெல்லாம் குளத்தடியில் கிடந்து, ரிசீவரும் மோட்டாரும் போய்விட்டன. கொண்டுவந்தவர் கேட்ட கேள்வி எனக்கு மனப்பாடம்: "ஆண்டெனாவ பெரிஸ்கோப்புக்குள்ளதான சார் வச்சேன், அது தண்ணிக்கு மேலதான இருந்துச்சு?"

இருந்தது. பித்தளைக் குழாய்க்குள் இருந்தது!

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரிலிருந்து வரும் ஒயர் முழுவதும் ஆண்டெனா இல்லை. பெரும்பகுதி கவசமிட்ட கேபிள், சும்மா கடத்திக்கொண்டு போவதோடு சரி. அலையைப் பிடிப்பது நுனியில் கவசமில்லாத சுமார் 31 மில்லிமீட்டர் மட்டும்தான். அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதில் கால்பங்கு. அந்த நுனியை உலோகக் குழாய்க்குள் விட்டால் ரேடியோவுக்குக் கதவைச் சாத்தியதாகிவிடும். கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும், ஆகவே அதுவும் உதவாது. நீளம் அதிகம் என்று நுனியை வெட்டிவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்களிடம் நான் என்ன சொல்ல?

பிளாஸ்டிக் குழாயாகவே இருக்கட்டும். படகு மூக்கைக் கவிழ்த்தாலோ ஓர் அலை அடித்தாலோ மாஸ்ட் (பெரிஸ்கோப் போலப் படகின் மேல் நிற்கும் குழாய்) நுனி நீருக்குள் போய்விடும். 2.4 தண்ணீரில் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும். பெரிஸ்கோப் ஆழத்திலேயே ஓட்டுவேன் என்பவருக்கு அது போதலாம். முழுதாக மூழ்க விடுபவருக்குப் போதாது. அதற்குப் பழைய தாழ்ந்த அலைவரிசைகள்தான்: பிரிட்டனில் 40 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 75. நல்ல தண்ணீரில் சில மீட்டர் ஆழம்வரை எட்டும், உப்புத் தண்ணீரில் எட்டாது. பழைய செட்டைத் தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

பித்தளை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகுக்கு நிற்கும் மாஸ்ட்டுகளுக்கு அது அருமையான பொருள். கம்பியாக அல்லாமல் குழாயாக வாங்குங்கள்; மேலே கனம் ஏறினால் படகு வெளிவரும் நேரத்தில் ஒருக்களித்துவிடும். (தாக்குதல் பெரிஸ்கோப்பின் தலையை உண்மைக் கப்பலிலேயே மெலிதாகத்தான் செய்தார்கள், அது நீரைக் கிழித்துப் போகும் தடம் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று. ஆண்டெனாவுக்காக அதைத் தடியாக்குவது எனக்குக் கண்ணுறுத்தல்.) மாஸ்ட் குழாய், ரிசீவர் இருக்கும் நீர்புகா உலர் அறைக்குள் திறக்கிறது என்றால் அது படகில் நீங்களே போட்ட ஓட்டை. மேல்நுனியை எபாக்ஸியால் அடையுங்கள், அடிப்பக்கத்தையும் அடையுங்கள்.

ஃபெயில்சேஃப்! சிக்னல் போனால் படகு என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவரில் முன்கூட்டியே வைக்கும் அமைப்பு அது. சிக்னல் போனதும் சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கட்டளை 'மூழ்கு' என்றால் அவ்வளவுதான். பேலஸ்ட் டேங்க் (தண்ணீர் நிரம்பினால் படகை மூழ்கடிக்கும், காலியானால் மிதக்கவிடும் தொட்டி) காலியாகும்படி அமைத்து, வீட்டுத் தொட்டியில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். படகு தானாக மேலே வந்தால்தான் குளத்துக்குப் போகலாம்.

கடைசியாகக் கண். குனிந்து படகைத் தூக்கும்போது அந்த மெல்லிய மாஸ்ட் நேராக உங்கள் முகத்துக்கு வருகிறது. குழந்தை எட்டிப் பார்த்தால் அதன் கண்ணுக்கு நேரே நிற்கும். நுனியை மழுக்குங்கள். அடியில் சிலிக்கான் குழாய்த் துண்டு ஒன்றை வைத்தால் தட்டினால் மடங்கிக்கொடுக்கும். கழற்றி மாட்டும்படி செய்தால் இன்னும் நல்லது: படகைத் தண்ணீரில் விட்ட பிறகு மாட்டுங்கள், தூக்கும் முன் கழற்றுங்கள்.