ஒரு கப் பாதாம் எத்தனை கிராம்?

"பாதாம் ஒரு கப், சர்க்கரை அரை கப்." பாதாம் கத்லி செய்முறைகளில் இப்படி ஒரு வரி வரும். முழுப் பாதாமை அளந்துவிட்டு அரைக்க வேண்டுமா, அரைத்த பொடியை அளக்க வேண்டுமா? அதைச் சொல்லாமல் விட்டால் கத்லியே வேறாகிவிடும்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி ஒரு கப் (சுமார் 237 மி.லி.) முழுப் பாதாம் 143 கிராம். அதே கப் நிறையப் பாதாம் பொடி 95 கிராம்தான். அரை கப் சர்க்கரையோ 100 கிராம். முழுதாக அளந்தால் 10 பங்கு பாதாமுக்கு 7 பங்கு சர்க்கரை. பொடியாக அளந்தால் பாதாமைவிடச் சர்க்கரை கூடிவிடுகிறது!

பாதாமோடு சேர்த்து இடையில் இருக்கும் காற்றையும் கப் அளந்துவிடுவதுதான் காரணம். கப் நிறையப் பாதாமைப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட 90 மி.லி. தண்ணீர் உள்ளே போகும். நிறைந்திருப்பதாக நாம் நினைத்த கப்பில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம்.

ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்பது பழைய கணிதப் புதிர். 74 சதவீதத்துக்கு மேல் இடத்தை நிரப்ப முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611-ல் ஊகித்தார். கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் அதற்கு நிரூபணம் தந்தது 1998-ல். அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் சுமார் 64 சதவீதம்தான் நிரம்பும். ஆனால் சற்றே தட்டையான எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்களைக் கொட்டினால் 68 சதவீதம் வரை நிரம்புவதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். நெருக்கத்தைத் தீர்மானிப்பதில் வடிவத்துக்கு அத்தனை பங்கு இருக்கிறது.

சிறிதாக்கினால் நெருக்கம் கூடும் என்று தோன்றும். வால்நட்டில் அது சரி. பாதிப் பருப்புகளாக ஒரு கப் 100 கிராம், நறுக்கினால் 117. வளைந்து நெளிந்த பருப்பின் பள்ளங்களுக்குள் துண்டுகள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பாதாமில் நடப்பது இதற்கு நேர்மாறு. மெல்லிய சீவலாக்கினால் 143 கிராம் 92 ஆகக் குறைகிறது. சீவல்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து நிற்பதால் அடியில் இடைவெளி விழுகிறது.

பொடியின் கதை வேறு. துகள் சிறிதாகச் சிறிதாக அதன் எடை வேகமாகக் குறைகிறது. பக்கத்துத் துகளோடு உரசி ஒட்டிக்கொள்ளும் விசை அந்த அளவுக்குக் குறைவதில்லை. பருப்பின் எண்ணெயும் ஒட்டுதலுக்குத் துணை. அதனால் துகள்கள் குட்டிக் குட்டி வளைவுகளாகப் பாலம் கட்டி நின்றுவிடுகின்றன. கப்பை இரண்டு தட்டுத் தட்டினால் அந்த வளைவுகள் சரிந்து பொடி கீழே இறங்கும். ஆகவே தட்டி அளப்பவருக்கு ஒரு கணக்கு, அள்ளிப் போடுபவருக்கு இன்னொன்று.

கப்பின் சுவரும் இதில் தலையிடுகிறது. சுவரை ஒட்டிப் பருப்புகள் நெருங்கி உட்கார முடியாது. கப் சிறிதானால் சுவரின் பங்கு கூடும். வால்நட் போன்ற பெரிய பருப்பைக் கால் கப்பால் நான்கு முறை அளந்தால் ஒரு முழு கப்பைவிடக் குறைவாகவே தேறும்.

ஆகவே கிராமை மி.லி.யாக மாற்ற எல்லாப் பருப்புக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. என் யோசனை இது: வழக்கமாக அளக்கும் கப்பில், வழக்கமாக அளக்கும் விதத்தில் மூன்று முறை அளந்து, ஒவ்வொரு முறையும் தராசில் வைத்துச் சராசரி எடுங்கள். முழுசு, நறுக்கியது, பொடி என மூன்றுக்கும் தனித்தனியாக எடுத்து, டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். 200 கிராம் பாதாம் கேட்கும் செய்முறை வந்தால், 200-ஐ அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் கப் கணக்கு வந்துவிடும்.