நின்ற மெஷினில்தான் விரல் போகிறது

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆலை. காலை டீ நேரம், கன்வேயர் நின்றிருந்தது. கடைசி முனையில் பேரிங் சத்தம் போடுகிறது என்று ஆபரேட்டர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் டீக்குப் போன நேரத்தில் பார்த்துவிடலாம் என்று ஃபிட்டரும் ஹெல்பரும் கார்டை, அதாவது பாதுகாப்பு மூடியை, கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். ஸ்டாப் பட்டனை அழுத்தியிருந்தார்கள். டீ குடித்துவிட்டு வந்த ஆபரேட்டருக்கு, நாற்பது அடி தள்ளிக் குனிந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் கண்ணில் படவில்லை. பச்சை பட்டனை அழுத்தினார். ஹெல்பருக்கு வயது 23. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

நான் பாதுகாப்பு அலுவலர். மணலி, எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம் என்று வடசென்னைக்குள்ளேயே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அன்று விசாரணைக்குப் போனபோது ஃபிட்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "ரெண்டு நிமிஷ வேலை சார். நிறுத்திட்டுத்தான் சார் கை வெச்சோம்."

அவர் சொன்னது உண்மை. நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தார்கள். மெயின்டெனன்ஸ் ஆட்களுக்கு நடக்கும் விபத்துகளில் நான் அதிகம் பார்த்தது இந்த வகைதான். ஓடுகிற மெஷினுக்குக் கார்டு உண்டு, கம்பி வலை உண்டு, மஞ்சள் கோடு உண்டு. அவை ஆபரேட்டரைக் காக்கப் போட்டவை. பழுது பார்ப்பவரின் முதல் வேலையே அந்தக் கார்டைக் கழற்றுவதுதான். அவர் வேலைக்கு வரும் நேரமும் அப்படி. ஞாயிற்றுக்கிழமை, நைட் ஷிஃப்ட், ஷட்டவுன், மழை வெள்ளம். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, பாதி விளக்கு அணைந்த இடத்தில், "சீக்கிரம் முடிங்கப்பா" என்று யாரோ போனில் அவசரப்படுத்த, அவர் தனியாக வேலை பார்க்கிறார்.

ஸ்டாப் பட்டன் கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும்தான் வெட்டும். பவர் லைன் பேனல் வரை வந்து அப்படியே நிற்கும். யார் வேண்டுமானாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யலாம். ஆகவே பவர் லைனையே துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டரை ஆஃப் செய்ய வேண்டும், அதில் பூட்டுப் போட வேண்டும், சாவி வேலை பார்ப்பவரின் பையில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் மேஜையில் இருக்கிற சாவி சாவியே இல்லை. அப்புறம் திரும்பி வந்து ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஓடவில்லை என்றால்தான் சரியான ஐசோலேட்டரைப் பூட்டியிருக்கிறீர்கள். பேனலில் பெயர் மாறி எழுதியிருந்ததால் பக்கத்து மோட்டாரைப் பூட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு. ஆறு துளை உள்ள கொண்டி கிடைக்கிறது, ஆறு பேர் வரை தனித்தனியாகப் பூட்டலாம். ஷிஃப்ட் மாறினால் வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகுதான் போகிறவர் கழற்ற வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பூட்டுவதை நான் அனுமதிப்பதில்லை. ஹெல்பர் பையன்தானே, அவனுக்கு எதற்குத் தனிப் பூட்டு என்று கேட்கிறார்கள். விரல் போனது ஹெல்பருக்குத்தான்.

பூட்டுப் போட வசதியில்லாத பழைய பட்டறைகள் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய எலக்ட்ரீஷியன்கள் செய்துவந்ததுதான். ஒன்றை மட்டும் பிடுங்கினால் மற்ற இரண்டு ஃபேஸிலும் லைன் இருக்கும்.

"கரன்ட் போயிருக்கு, இப்பவே பாத்துடலாம்" என்பது எனக்கு மிகவும் பயம் தரும் பேச்சு. ஆட்டோ சேஞ்ச் ஓவர் உள்ள கட்டடத்தில் சில நொடிகளில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த நொடிகள்கூடக் கிடையாது. ஏசி அவுட்டோர் யூனிட்டின் கெபாசிட்டர், சப்ளை எடுத்த பிறகும் சார்ஜோடு இருக்கும். டெஸ்டரை முதலில் லைன் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள், மறுபடியும் லைன் உள்ள இடத்தில் வையுங்கள். எரியாத டெஸ்டர் லைன் இல்லை என்று சொல்கிறதா, தானே செத்துப்போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும்.

ஷாக் என்றால் 415 வோல்ட்தான் ஆபத்து, 230 கிள்ளிவிட்டுப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. 9 வாட் எல்இடி பல்பு ஒன்று குறைந்தது 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். கரன்ட் கசிந்தால் தானே லைனை வெட்டும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி., போடச் சொல்வது அதனால்தான். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நம் பகுதிக்கு இன்னொரு கவலையும் உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்று எர்த் பட்டையைத் தின்றுவிடுகிறது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கிளாம்பைத் தொட்டால் அப்பளமாக உதிரும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்தாமல், மழைக்காலத்துக்கு முன் கிளாம்பைக் கழற்றிப் பாருங்கள்.

அந்த ஹெல்பரின் விரல் விஷயத்தில் இன்னொரு தவறும் நடந்தது, அது என்னை இன்றும் உறுத்துகிறது. பதற்றத்தில் யாரோ ஓடிப்போய் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து, துண்டான விரலை நேரடியாக ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுபோனார்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும், ஒட்ட வைக்க முடியாமல் போகலாம். செய்ய வேண்டியது இதுதான்: துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். காயத்தை அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. நாடறிந்த துறை, நம் வாசலிலேயே இருக்கிறது. நேரத்தை வீணாக்காமல் அங்கே போங்கள்.

அடுத்தது தொட்டி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

திருவொற்றியூரில் ஒரு பல மாடிக் கட்டடத்தில் கழிவுநீர் சம்ப்பில் பம்ப் ஓடவில்லை. வேறு வேலையாகப் போனவன் தற்செயலாகப் பார்த்தேன். கான்ட்ராக்ட் பிளம்பர், ஐம்பது வயது இருக்கும், சட்டையைக் கழற்றி மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு மூடி அருகே உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லை. "அண்ணே, இறங்காதீங்க" என்றேன். "மூடியத் தொறந்து அரை மணி நேரம் ஆவுது சார். நாத்தமே இல்ல. இன்னா ஆயிடப் போவுது?" என்றார்.

என் பையில் கேஸ் மீட்டர் இருந்தது. கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினேன். வாயருகே ஆக்சிஜன் 20.9 சதவீதம், வெளிக்காற்று மாதிரியே. பாதி ஆழம் வரை சத்தமில்லை. அடியை நெருங்கியதும் மீட்டர் அலறத் தொடங்கியது. மேலே இழுத்துப் பதிவைப் பார்த்தோம். ஆக்சிஜன் 17-க்குப் போயிருந்தது, 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 140 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 140 பங்கு) தொட்டிருந்தது. அவர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எதுவும் பேசாமல் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. ஆனால் 100 பி.பி.எம். அளவைத் தாண்டினால் மூக்கின் உணர்வு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்றும் இருக்கலாம், கொல்லும் அளவுக்கு ஏறிவிட்டது என்றும் இருக்கலாம். 700-க்கு மேல் போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடலாம். காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கும், மூடியைத் திறந்து வைப்பதால் மட்டும் வெளியேறாது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, தீபம் இறக்கிப் பார்ப்பது எல்லாம் இதைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் அதுவே வெடிக்கும். சேற்றில் கால் வைத்துக் கலக்கும்போது அடைபட்ட வாயு குலுக்கிய சோடா பாட்டிலைப் போலப் பொங்கி வரும். அதனால் இறங்கும் முன் பார்த்த அளவும் போதாது.

அன்று யாரும் இறங்கவில்லை. லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுத்து, பம்பைக் கொக்கி போட்டு மேலிருந்தே தூக்கினோம். மூன்று மணி நேரம் ஆயிற்று. பம்பைப் பொருத்தும்போதே ஒரு சங்கிலி கட்டித் தொங்கவிட்டிருந்தால் அரை மணி நேர வேலை. குடியிருப்புச் சங்கத்தார் யாராவது இதைப் படித்தால், உங்கள் பம்புக்குச் சங்கிலி இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டிக்குள் கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பழைய 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆனாலும் 230 வோல்ட் ஹோல்டரை வயரோடு தொங்கவிடுவதை இன்றும் பார்க்கிறேன்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் மேலே நிற்பவர் குதிக்கக் கூடாது. இதைச் சொல்வது சுலபம், விழுந்தவர் தம்பியாகவோ மாமாவாகவோ இருப்பார். தொட்டி விபத்துகளில் இரண்டாவது, மூன்றாவது சாவு இப்படித்தான் நடக்கிறது. 101-க்கு அடியுங்கள், தீயணைப்பு வீரர்களிடம் மூச்சுக் கருவி உண்டு. அவர்கள் வரும் வரை ப்ளோயர் இருந்தால் வெளிக்காற்றை உள்ளே அடியுங்கள்.

ஹவுஸ்கீப்பிங் அக்காக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாய்லெட் கறை போகவில்லை என்று ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்னக் கழிவறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். இருமல் வந்தால் "தூசுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றிக் கொடுக்கும் சூப்பர்வைசர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். வட மாநிலத்துத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒட்டுங்கள்.

ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு, அங்கே குளிரூட்டப் பயன்படும் அமோனியாவைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தபோது ஊரே வீட்டைவிட்டு ஓடியதை எல்லாரும் பார்த்தோம். அது ஈரத்தைத் தேடிப் போகும் வாயு. கண்ணும் தொண்டையும்தான் முதலில் எரியும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆகவே கம்ப்ரசர் ரூமுக்கு வெளியே தண்ணீர்க் குழாய் வேண்டும், வழியில் பெட்டி அடுக்கக் கூடாது.

சிமென்ட் ஷீட் கூரையில் ஏறுபவர்கள் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். வெயில் தின்ற ஷீட் பார்க்கக் கெட்டியாக இருக்கும், உடைவதற்கு முன் சத்தம்கூட வராது. மே மாதத்தில் மொட்டை மாடி ஏசி வேலையைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர். உளற ஆரம்பித்தால் அது வெறும் களைப்பில்லை, நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு காகித விஷயம். கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் ஒருவரின் மனைவி என்னைத் தேடி வந்தார். கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருந்தார். சம்பளச் சீட்டில் மாதாமாதம் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடித்திருந்தார்கள். ஆனால் விபத்துப் பதிவேட்டில் அப்படி ஒரு விபத்தே இல்லை. "வீட்ல வழுக்கி விழுந்ததா சொல்லிடுங்க, செலவ நாங்க பாத்துக்கறோம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். வேலையில் பட்ட காயம் என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டவருக்கும் இ.எஸ்.ஐ. பலன் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குக் கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் இதில் வரலாம். அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் மறுபடி நிரூபிக்கப் பல மாதம் ஆயிற்று. சாட்சி சொல்ல ஒரே ஒரு வாட்ச்மேன்தான் முன்வந்தார்.

காயம் சின்னதோ பெரியதோ, அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். நேரம், இடம், என்ன வேலை, கூட யார் இருந்தார்கள் எல்லாம் வரட்டும். எழுதிய பக்கத்தை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மருத்துவமனையில் டாக்டர் கேட்கும்போது "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று சொல்லுங்கள், அவர் எழுதும் சீட்டில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.