உள் கிளாஸ் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறது?

சிங்கப்பூரில் சம்பளம், விடுப்பு, மத்திய சேம நிதி போன்றவற்றைக் கையாளும் மென்பொருள்களின் கோடை, அதாவது நிரலை, படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் பெரும்பகுதி. ரிவ்யூவில் அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு: "அந்த ஃபீல்டை ப்ரைவேட்னுதானே போட்டிருக்கேன் அண்ணா, வெளியில யாரு பார்க்க முடியும்?" கிளாஸ் என்பது ஒரு வகைத் தகவலுக்கான அச்சு, ஃபீல்டு அதில் உள்ள ஒரு விவரம், அந்த அச்சில் வார்த்தெடுக்கும் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட். ப்ரைவேட் என்பது நாம் எழுதும் கோடுக்குள் இருக்கும் ஓர் ஒழுங்கு. இந்தக் கிளாஸின் உள்விவரத்தை அந்தக் கிளாஸ் தொடக்கூடாது என்று கம்பைலரிடம் (கோடை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளிடம்) சொல்லி வைக்கிறோம். ஒருவருடைய அடையாள அட்டை எண்ணைக் காக்கும் வேலையை அதன் தலையில் கட்டினால் அது தாங்காது. ஒரு கிளாஸுக்குள் இன்னொரு கிளாஸை எழுதும்போதுதான் இது பெரிய சிக்கலாகிறது.

ஒரு சம்பளப் பட்டியல் மென்பொருளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஜாவாவில் எழுதியது. 'ஊழியர்' என்று ஒரு கிளாஸ். பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், மாதச் சம்பளம் எல்லாமே அதில் ப்ரைவேட். அதற்குள் 'விடுப்புப் பதிவு' என்று ஓர் இன்னர் கிளாஸ், அதாவது உள் கிளாஸ். அதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, விடுப்பின் வகை, அவ்வளவுதான். இந்தப் பதிவுகளை ஒரு கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) கோப்பில் எழுதி வைக்க வேண்டும். விடுப்புப் பதிவை சீரியலைஸ் செய்யலாம் (கோப்பில் எழுதும் வடிவுக்கு மாற்றலாம்) என்று அறிவித்து ஓட்டிப் பார்த்தபோது, 'ஊழியர்' கிளாஸை சீரியலைஸ் செய்ய முடியவில்லை என்று எரர் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதே அறிவிப்பை 'ஊழியர்' கிளாஸிலும் சேர்த்தார். எரர் போனது. டெஸ்ட் எல்லாம் பாஸ். கோடு லைவுக்குப் போய்விட்டது.

விடுப்பைச் சேமிக்கப் போனால் 'ஊழியர்' கிளாஸில் ஏன் எரர் வர வேண்டும்? அங்கே நின்று இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். ஸ்டாட்டிக் (வெளி ஆப்ஜெக்டோடு பிணைப்பு வேண்டாம்) என்று சொல்லாத இன்னர் கிளாஸின் ஆப்ஜெக்ட், தான் உருவான வெளி ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்கான ஃபீல்டை நாம் எழுதுவதில்லை. கம்பைலரே 'திஸ்$0' என்ற மாதிரிப் பெயரில் சேர்த்துவிடுகிறது. ஜாவாவின் சீரியலைசேஷன் ப்ரைவேட்டா இல்லையா என்று பார்ப்பதில்லை. விலக்கு என்று நாமே குறிக்காதவரை, பிடித்திருக்கும் ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றையும் தொடர்ந்து போய் எழுதிவிடும். அந்தக் கேஷ் கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். புரியாத குறிகளுக்கு நடுவே அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே வாசிக்கக் கிடந்தன. விடுப்புத் தேதியை மட்டும் வைத்திருப்பதாக எல்லாரும் நினைத்த கோப்பு அது.

2022இல் வந்த ஜாவா 18 முதல், வெளி ஆப்ஜெக்டைப் பயன்படுத்தாத இன்னர் கிளாஸில் கம்பைலர் அந்த ஃபீல்டை விட்டுவிடுகிறது. இதை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். சீரியலைஸ் செய்யக்கூடிய கிளாஸ் என்றால் அந்த ஃபீல்டு இன்னமும் அங்கேதான் இருக்கும். அதாவது, மிகவும் கவலைப்பட வேண்டிய இடத்தில் இந்த மாற்றம் உதவாது.

நம் ஊரில் இது வெறும் கோடு அழகு சார்ந்த விஷயமில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. 2021 பிப்ரவரி 1 முதல், கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடிய தகவல் கசிவு அல்லது 500 பேரையோ அதற்கு மேலோ தொடும் கசிவு என்று நிறுவனம் மதிப்பிட்டுவிட்டால், 3 நாளுக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அடையாள எண்ணோடு சம்பளத் தொகை சேர்ந்து கசிந்தால் அதுவே கடுமையான பாதிப்பு வகையில் வருகிறது. அந்தக் கேஷ் கோப்பு பழுது பார்க்கும் வெளி நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொழிக்கு மொழி விதி மாறுவதும் ஆளைக் கவிழ்க்கும். ஜாவாவில் உள் கிளாஸும் வெளி கிளாஸும் ஒன்றின் ப்ரைவேட்டை மற்றொன்று தாராளமாகத் தொடலாம். சி ஷார்ப்பில் உள் கிளாஸ் வெளி கிளாஸின் ப்ரைவேட்டைத் தொடலாம், வெளி கிளாஸ் உள் கிளாஸின் ப்ரைவேட்டைத் தொட முடியாது. மறைமுகப் பிடிப்பும் கிடையாது. சி++இல் 2011 தரநிலைக்கு முன்பு உள் கிளாஸுக்குத் தனிச் சலுகை இல்லை, அதற்குப் பிறகு உண்டு. கோட்லின் எனக்குப் பிடித்த முடிவை எடுத்திருக்கிறது: உள்ளே எழுதும் கிளாஸ் இயல்பாகவே வெளி ஆப்ஜெக்டைப் பிடிக்காது, வேண்டும் என்றால் நாமே 'இன்னர்' என்று எழுத வேண்டும். ஜாவாவிலிருந்து கோட்லினுக்கோ சி ஷார்ப்பிலிருந்து ஜாவாவுக்கோ மாறும் நண்பர்கள் பழைய பழக்கத்திலேயே எழுதுவதை நிறையப் பார்க்கிறேன்.

ஜாவாவில் நான் வலியுறுத்துவது, உள் கிளாஸ் என்றாலே முதலில் ஸ்டாட்டிக் என்று எழுதிவிடுங்கள். வெளியிலிருந்து என்ன தேவையோ அதை மட்டும் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதியில்) கொடுங்கள். விடுப்புப் பதிவுக்கு ஊழியரின் உள் குறியீட்டு எண் ஒன்று போதும். ஜாவா 16 முதல் நிலைபெற்ற ரெக்கார்டு (தகவலைச் சுமக்க மட்டுமே எழுதும் சிறு கிளாஸ்), இன்னொரு கிளாஸுக்குள் எழுதினாலும் தானாகவே ஸ்டாட்டிக் ஆகிவிடும். ஆனால் ரெக்கார்டை லாகில் (மென்பொருள் எழுதி வைக்கும் இயக்கக் குறிப்பில்) அச்சிட்டால் அதன் ஃபீல்டு அத்தனையும் வெளியே கொட்டும். அடையாள அட்டை எண் ஒரு ரெக்கார்டில் இருந்தால் அப்படி அச்சிடும் மெத்தடை நீங்களே எழுதி அந்த எண்ணை மறையுங்கள்.

மறைக்கும்போதும் கவனம் தேவை. கடைசி மூன்று இலக்கத்தையும் எழுத்தையும் மட்டும் காட்டினால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. 1968 முதல் இங்கு பிறந்தவர்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. பக்கத்திலேயே பிறந்த தேதி இருந்தால் தெரியாதது நடுவில் உள்ள இரண்டு இலக்கம்தான், அதாவது 100 சாத்தியங்கள். கடைசி எழுத்து, ஒவ்வோர் இலக்கத்தையும் அதற்குரிய ஓர் எடையால் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்து வரும் சரிபார்ப்பு எழுத்து. அதையும் வைத்துக் கழித்தால் மிஞ்சுவது 9 அல்லது 10 எண்கள். பிறந்த தேதியும் மறைத்த எண்ணும் ஒரே வரியில் வரும் லாகை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

ஹீப் டம்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்வர் மெமரி தீர்ந்து விழும்போது அந்த மெமரியை நகலெடுத்து வைக்கும் கோப்பில் ப்ரைவேட் ஃபீல்டின் மதிப்பெல்லாம் திறந்தே இருக்கும். இன்னர் ஆப்ஜெக்ட் ஒன்று எங்கோ ஒரு லிஸ்டில் தங்கிவிட்டால், அது பிடித்திருக்கும் ஊழியரும் மெமரியை விட்டுப் போக மாட்டார். போன வருடம் வேலையை விட்டவரின் விவரம்கூட டம்ப்பில் இருக்கலாம். அதை வெளியாருக்கு அனுப்பும் முன் உற்பத்திச் சூழலின் தரவைப் போலவே அனுமதி கேளுங்கள்.

ஸ்பாட்பக்ஸ், எரர் ப்ரோன் என்ற கோடைச் சோதிக்கும் கருவிகள் இரண்டும் ஸ்டாட்டிக் ஆக்கக்கூடிய இன்னர் கிளாஸைச் சுட்டிக்காட்டும். அந்த எச்சரிக்கை வந்தால் பில்டு நிற்கும்படி மாற்றி வையுங்கள். வெளி கிளாஸின் ஒரே ஒரு ஃபீல்டை உண்மையாகவே தொடும் இன்னர் கிளாஸை அவை சும்மா விட்டுவிடும். அப்படிப்பட்ட கிளாஸ்களை ரிவ்யூவில் ஒருவர் உட்கார்ந்து கண்ணால் படிக்க வேண்டும்.